மாதக்கணக்கில் நிற்கப்போகும் மின்சாரக் காரை எப்படி விட்டுச் செல்வது?

மூன்று மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிய அன்று சாவியின் பொத்தானை அழுத்தினேன். கார் கண் திறக்கவில்லை. நான் கிளம்பியபோது அதன் பெரிய பேட்டரியில் 60% சார்ஜ் இருந்தது. இருநூறு கிலோமீட்டராவது ஓடக்கூடிய மின்சாரம் அடிவயிற்றில் அப்படியே இருக்க, கதவுப் பூட்டைத் திறக்கும் தெம்புகூட இல்லாமல் அது நின்றது. பெரிய பேட்டரிக்கு ஒரு குறையும் நேரவில்லை. செத்துப்போனது, பானட்டுக்குள் ஒரு மூலையில் இருந்த 12 வோல்ட் பேட்டரி. பெரியதைப் பற்றி ஒரு மாதம் கவலைப்பட்டு, படித்து, கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போனவன், இந்தச் சின்னதை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மின்சாரக் காரை நீண்ட நாள் நிறுத்திவைப்பதில் புதியவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரே காருக்குள் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் நேர் எதிரான குணம். காரை ஓட்டும் பெரிய லித்தியம் பேட்டரி அரை வயிற்றோடு, குளுமையான இடத்தில், யாரும் தொடாமல் இருப்பதை விரும்பும். சின்ன ஈய-அமிலப் பேட்டரி எப்போதும் வயிறு நிறைந்திருந்தால்தான் பிழைக்கும். கீழே சொல்லும் வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதற்கானவை.

எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வாரம் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சார்ஜை 50 முதல் 70 சதவீதத்துக்குள் வைத்து, தேவையற்ற வசதிகளை அணைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை என்றால் எல்லாவற்றையும் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் எவ்வளவு கவனமாகத் தயார் செய்தாலும் போதாது. இடையில் யாராவது ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். அந்த ஆளை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

பெரிய பேட்டரிக்கு ஏன் அரை வயிறு?

கார் ஓடினால்தான் பேட்டரி தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா நின்றாலும் அதற்கு வயதாகும். லித்தியம் செல் (பெரிய பேட்டரி இத்தகைய சிறு அலகுகளின் தொகுப்பு) நிறையச் சார்ஜ் ஆகியிருக்கும்போது அதன் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கிறது. உள்ளே எதிர்மின்முனையாக இருக்கும் கிராஃபைட்டு முழுக்க லித்தியம் புகுந்திருக்கிறது. அந்த நிலையில் கிராஃபைட்டும் அதைச் சூழ்ந்திருக்கும் மின்பகுளி என்ற திரவமும் மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும். அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இழப்பைத்தான்.

இதற்கு எண்ணெய் வார்ப்பது வெப்பம். சிறிய லித்தியம் செல்களுக்காக நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் ஓர் அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 25 டிகிரி செல்சியஸில் 40% சார்ஜோடு ஓராண்டு வைத்த செல்லில் ஏறத்தாழ 96% கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80%. வெப்பநிலையை 40 டிகிரி ஆக்கினால் முதலாவது 85 ஆகிறது, இரண்டாவது 65 ஆகிறது. இன்றைய கார்களில் இருக்கும் செல்கள் இவற்றைவிடத் தாக்குப்பிடிப்பவை. ஆகவே இந்த எண்களை உங்கள் காருக்கு அப்படியே பொருத்திப் பயந்துவிட வேண்டாம். ஆனால் போகும் திசை ஒன்றுதான். முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் சேதம் பன்மடங்கு.

அப்படியானால் காலியாக வைத்துவிடலாமே என்றால், அது இதைவிட மோசம். முழுச் சார்ஜ் பேட்டரியை மெல்லக் கெடுக்கும். வெறும் வயிறு ஒரேயடியாகக் கொன்றுவிடும். திரையில் 0% என்று காட்டும்போதும் அடியில் கொஞ்சம் மிச்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்பது உண்மை. அந்த ஒதுக்கீடும் வாரக்கணக்கில் வடிந்து, செல் வோல்டேஜ் மிகவும் கீழே போனால், உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கக்கூடும். அதனால்தான் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்ட பேட்டரியைச் சார்ஜ் செய்யக் காரின் கட்டுப்பாட்டு அமைப்பே மறுத்துவிடுகிறது. டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டரில் இப்படி நடந்ததாக 2012-இல் செய்திகள் வந்தன. இணைப்பில்லாமல் நீண்ட நாள் நின்ற சில கார்களின் பேட்டரி முழுவதும் வடிந்து, மாற்றுவதற்கு 40,000 டாலர் அளவுக்குச் செலவாகும் என்று பேசப்பட்டது. பிறகு வந்த கார்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் அந்தப் பள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகவே 50 சதவீதம். 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் சரி. 50.0-வில் நிறுத்த வேண்டும் என்று சார்ஜருக்கு முன் காவல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வீண் வேலை. நிற்கும் இடம் குளுமையானது, இடையில் வந்து பார்க்க ஆள் இல்லை என்றால் 60 அல்லது 65-இல் தொடங்குவதே புத்திசாலித்தனம். இறங்கிக்கொண்டே வரும்போது நடுப்பகுதியில்தான் அதிக நாள் கழியும்.

எல்.எஃப்.பி. பேட்டரி வைத்திருப்பவர்களின் குழப்பம்

உங்கள் காரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் (சுருக்கமாக எல்.எஃப்.பி.) பேட்டரி இருந்தால், வாரம் ஒருமுறையாவது 100% ஏற்றுங்கள் என்று உற்பத்தியாளர் சொல்லியிருக்கலாம். அதைப் படித்துவிட்டு, நிறுத்திவைக்கும்போதும் நூறு ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த அறிவுரை செல்லின் ஆரோக்கியத்துக்காகச் சொன்னது அல்ல, அளவுமானியின் நேர்மைக்காகச் சொன்னது. இந்த வகை செல்லின் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 3.2 முதல் 3.3 வோல்ட் வரை, சமதரையாக ஓடுகிறது. வோல்டேஜை வைத்துச் சார்ஜ் எவ்வளவு என்று ஊகிப்பது காருக்குக் கடினம். உச்சத்தைத் தொடும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று ஏறும். அப்போது கார் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

நிறுத்திவைக்கும்போது எல்.எஃப்.பி. செல்லுக்கும் பாதிச் சார்ஜே நல்லது. மற்ற வகைகளைவிட இது பொறுமைசாலி, அவ்வளவே. நான் சொல்லும் முறை: கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். பாதிக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் திரையில் காட்டும் 50 உண்மையான 50-க்கு அருகில் இருக்கும். கணக்குத் தவறிய காரில் 50 என்று நம்பி விட்டுப்போவது உண்மையில் 35-ஆக இருந்தால், மூன்றாவது மாதத்தில் அந்த வித்தியாசம் உறைக்கும்.

நிற்கும் காரில் மின்சாரத்தைக் குடிப்பது யார்?

லித்தியம் செல் தானாக வடிவது மிகக் குறைவு. மாதத்துக்கு ஓரிரு சதவீதம். நிற்கும் காரில் சார்ஜ் குறைவதற்குப் பெரும்பாலும் காரின் மின்னணுச் சாதனங்களே காரணம். கார் ஆழ்ந்து தூங்கினால் வாரத்துக்கு ஒரு சதவீதம்கூடக் குறையாது. தூங்க விடாவிட்டால் கதை வேறு.

கேமராக்கள் சுற்றிலும் கண்காணிக்கும் காவல் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 250 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 கிலோவாட்-மணி. 60 கிலோவாட்-மணி பேட்டரியில் அது 10 சதவீதம். ஐந்தே நாளில் உங்கள் அரை வயிறு காலி. சில கார்களில் சார்ஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இது தானாக நின்றுவிடும். அதை நம்பி விட்டுப்போவதைவிட அணைத்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே வெப்பம் கூடினால் தானாக ஏசியை ஓட்டும் வசதி, தினமும் காலையில் காரைக் குளிர்வித்து வைக்கும் நேரக்குறிப்பு, நேரம் வைத்துச் சார்ஜ் செய்யும் ஏற்பாடு, சாவியோடு பக்கத்தில் வந்தாலே விளக்கெரியும் வசதி என எல்லாவற்றையும் திரையில் தேடித் தேடி அணையுங்கள். டேஷ் கேமரா, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பரிசோதனைத் துளையில் செருகிய கருவி, போன் சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். புதிய மென்பொருள் காத்திருந்தால் கிளம்பும் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த குற்றவாளி நீங்களேதான். கார் எப்படி இருக்கிறது என்று தினமும் செயலியைத் திறந்து பார்த்தால், பதில் சொல்வதற்காக அது ஒவ்வொரு முறையும் விழித்தாக வேண்டும். விழித்த கார் திரும்பத் தூங்குவதற்குச் சில நிமிடங்கள் முதல் பல நிமிடங்கள் வரை பிடிக்கும். தூங்கும் பிள்ளையை உலுக்கி, ‘தூங்கிவிட்டாயா?’ என்று கேட்பதைப் போன்றது இது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். காரின் விவரங்களைச் சேகரிக்கும் வேறு நிறுவனங்களின் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருந்தால் அதை விலக்குங்கள். அவை உங்களைவிட அதிகமாகத் தட்டி எழுப்பும். சாவியையும் காருக்கு அருகில் வைக்காதீர்கள். கார் நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆணியில் சாவி தொங்கினால் சில கார்கள் இரவெல்லாம் அதனோடு பேசிக்கொண்டிருக்கும். சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியும் சேர்ந்து தீரும்.

இவற்றையெல்லாம் அணைத்த பிறகு ஒரு சோதனை வையுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. எனக்கு மிகவும் பயன்பட்ட படி இதுதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு காரை இரண்டு மூன்று நாள் தொடாமல் நிறுத்துங்கள். செயலியைத் திறக்காதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சார்ஜைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஒன்றும் குறையவில்லை என்றால் கார் தூங்குகிறது. மூன்று சதவீதம் குறைந்தால் நாளைக்கு ஒன்று. 60-இல் விட்டால் நாற்பது நாளில் 20-க்கு வந்துவிடும். எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள், அல்லது உங்கள் காரின் இயல்பே அப்படி. எதுவாக இருந்தாலும் ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது அல்லவா?

என்னை ஏமாற்றிய சின்ன பேட்டரி

கதவுப் பூட்டு, திரை, அலாரம், கணினிகள் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதைவிட முக்கியமானது, பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கனமான சுவிட்சுகளை இயக்குவதும் இந்த 12 வோல்ட்தான். கார் அணைந்ததும் அந்தச் சுவிட்சுகள் திறந்துகொள்ளும். பெரிய பேட்டரி தனித்தீவாகிவிடும். மறுபடி இணைக்கச் சின்ன பேட்டரிக்கு உயிர் வேண்டும். தேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அச்சாணி இல்லாமல் நகராது என்பார்களே, அதுதான்.

பல கார்கள் நிற்கும்போது இடையிடையே விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டுத் தூங்கும். சில கார்கள் இதைச் செய்வதில்லை. சில கார்கள் பெரிய பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனதும் நிறுத்திவிடும். கணக்குப் பாருங்கள்: 45 ஆம்பியர்-மணி பேட்டரி, கார் தூங்கும்போது 30 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஒரே மாதத்தில் பாதி காலி. அந்த நிலையில் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது. ஏற்கெனவே நான்கைந்து வயதான பேட்டரி என்றால் அந்த ஒரு மாதமே அதற்குக் கடைசி.

ஒரு சாதாரண மல்டிமீட்டரால் அதன் நிலையைப் பார்க்கலாம். கார் சில மணி நேரம் அணைந்திருந்த பிறகு 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-ஐ நெருங்கினால் வடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும் முன்பே 12.4-க்குக் கீழே இருந்தால், போய்விட்டு வந்து மாற்றலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

காப்பாற்றுவதற்கான வழிகளில் எனக்குப் பிடித்தது பராமரிப்புச் சார்ஜர். நிறைந்ததும் தானே குறைத்துக்கொண்டு, பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும் சிறு கருவி. அருகில் மின்சார இணைப்பு இருந்தால் இதுவே போதும். ஆனால் உங்கள் காரின் 12 வோல்ட் பேட்டரி ஈய-அமில வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் சின்ன பேட்டரியும் லித்தியமாகிவிட்டது. ஈய-அமிலத்துக்கான சார்ஜரை அதில் மாட்டக் கூடாது.

இணைப்பே இல்லாத இடம் என்றால், சின்ன பேட்டரியின் எதிர்முனையை (− குறியிட்ட முனையை) கழற்றிவைப்பது இன்னொரு வழி. சில கையேடுகள் இதைச் சொல்கின்றன, சில வேண்டாம் என்கின்றன. உங்கள் காரின் கையேட்டில் நீண்டகால நிறுத்தம் பற்றிய பக்கத்தைப் படித்த பிறகே கை வையுங்கள். கழற்றுவதானால் காரை அணைத்து, சார்ஜ் கேபிளை எடுத்து, பத்து நிமிடமாவது காத்திருந்து, எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: மறுபடி எப்படி உள்ளே போவீர்கள்? பானட் மின்சாரத்தால் மட்டும் திறக்கும் காரில், கழற்றிவிட்டு மூடிவிட்டால், பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி எந்தக் கதவைத் திறக்கும், அவசரத்துக்கு 12 வோல்ட் கொடுக்கும் முனை வெளியில் எங்கே இருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை செய்தே பாருங்கள். கழற்றிய காரில் அலாரம் வேலை செய்யாது, செயலியில் எதுவும் தெரியாது, பார்க்கிங் பூட்டு விடாததால் காரை நகர்த்தவும் முடியாது. பொது நிறுத்துமிடத்தில் அது தொல்லை.

ஆரஞ்சு நிறக் கேபிள்களையும், பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கையும் தொடவே தொடாதீர்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. நிறுத்திவைப்பதற்கு அது தேவையும் இல்லை.

சார்ஜரில் செருகியே விட்டுப் போகலாமா?

சார்ஜ் வரம்பை 50 சதவீதம் என்று வைக்க உங்கள் கார் அனுமதித்தால், செருகிவிட்டுப் போவதே சிறந்தது என்பது என் கருத்து. பெரியது பாதியிலேயே நிற்கும். பல கார்களில் சின்னதற்கும் தீனி கிடைக்கும். டெஸ்லாவின் கையேடு, காரைப் பயன்படுத்தாத நாள்களில் செருகியே வைக்கச் சொல்கிறது. வரம்பு வைக்கும் வசதி இல்லாத கார் செருகினால் நூறுக்குத்தான் போகும். அதைச் செருகி விட்டுச் செல்லாதீர்கள். வரம்பை 80-க்குக் கீழே இறக்க முடியாத கார்களும் உண்டு. வெப்பமான இடத்தில் அவற்றை 50-இல் கழற்றிவைத்து ஆள் வைத்துப் பார்ப்பதா, 80-இல் செருகி நிம்மதியாக இருப்பதா என்றால், ஆள் கிடைத்தால் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன்.

சில பழைய மாடல்களில் ஒரு வினோதம் உண்டு. சார்ஜ் முடிந்த பிறகும் கேபிள் செருகியே இருந்தால் காரின் கணினி விழித்தே இருக்கும். ஆனால் 12 வோல்ட் பேட்டரிக்கு எதுவும் போகாது. செருகியிருந்தும் சின்னது செத்துப்போகும். மேலே சொன்ன மூன்று நாள் சோதனையைச் செருகிய நிலையிலும் செய்து, மல்டிமீட்டரால் பார்த்தால் தெரிந்துவிடும். நீட்டிப்பு வயரைப் போட்டு மாதக்கணக்கில் விட்டுப் போவது மட்டும் கூடாது. தளர்ந்த இணைப்பு சூடேறும்போது பார்க்க யாரும் இருக்க மாட்டீர்கள்.

நிற்கும் இடம்

நிழலும் காற்றோட்டமும் இருந்தால் மற்றதெல்லாம் அடுத்தது. நிசான் லீஃப் காரின் கையேடு மூன்று எல்லைகளைச் சொல்கிறது: 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் 24 மணி நேரத்துக்கு அதிகமாக விடாதே; மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே ஏழு நாளுக்கு மேல் விடாதே; சார்ஜ் பூச்சியத்தை ஒட்டிய நிலையில் 14 நாளுக்கு மேல் விடாதே. மற்ற கார்களுக்கு எண்கள் மாறலாம். வெயிலில் நிற்பதைத் தவிர்க்க முடியாவிட்டால், சார்ஜை 40-ஐ ஒட்டி வையுங்கள். வெப்பத்தின் கேட்டைச் சார்ஜ் குறைவு கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அப்போது யாராவது அடிக்கடி பார்க்க வேண்டும்.

குளிர் வேறு மாதிரி. குளிரில் செல்லின் வயதாகும் வேகம் குறையும். அந்த வகையில் நல்லதே. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதுதான் ஆபத்து, லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். கார்கள் இதை அறிந்து, பேட்டரியைச் சூடாக்கிய பிறகு ஏற்றும் அல்லது ஏற்ற மறுக்கும்.

திறந்த வெளியில் நின்றால் காற்றுப் புகும் உறை போடுங்கள். பிளாஸ்டிக் தாள் ஈரத்தைப் பூட்டிவைக்கும். எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நகராத கார் எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. உள்ளே ஒரு பிஸ்கட் துண்டுகூட விடாதீர்கள். நாற்றமடிக்கும் மருந்துகள் சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும் என்பது என் அனுபவம். மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதுதான் உருப்படியான வழி.

டயரும் பிரேக்கும்

டயரில் பரிந்துரைத்த அளவைவிட மூன்று முதல் ஐந்து பிஎஸ்ஐ கூடுதலாக அடித்துவையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்டக் கூடாது. மின்சாரக் கார்கள் கனமானவை, ஒரே இடத்தில் நின்றால் டயர் அடிப்பாகம் தட்டையாகும். காரைக் கழுவிய ஈரத்தோடு நிறுத்தாதீர்கள். சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்தமாகப் பிடித்து உலர்த்தி நிறுத்துங்கள். சமதரை என்றால், கார் அனுமதித்தால், ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மாதக்கணக்கில் இறுகப் பிடித்த பிரேக் துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

பார்த்துக்கொள்பவரிடம் என்ன சொல்வது?

நல்ல மனத்தோடு வருபவர்தான் அதிகம் கெடுக்கிறார். வாரம் ஒருமுறை ‘ஆன்’ செய்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அணைப்பார். பெட்ரோல் காரில் வந்த பழக்கம் இது. மாதம் ஒருமுறை வந்தால் போதும். வரும்போது காரை இயங்கும் நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பெரிய பேட்டரி சின்னதற்குக் கொஞ்சம் ஊட்டிவிடும். டயர் வேறு இடத்தில் படும்படி இரண்டடி நகர்த்தட்டும். சார்ஜ் 30-க்குக் கீழே வந்திருந்தால் மெதுவான சார்ஜரில் 50 வரை ஏற்றட்டும். வேகச் சார்ஜருக்கு எடுத்துப்போக வேண்டாம். எலி எச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள். வாயால் சொன்னது மூன்றாம் வாரம் மறந்துபோகும். உலோகச் சாவியால் கதவைத் திறக்கும் விதத்தை ஒருமுறை அவர் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும்

கார் எழுந்துவிட்டால் உடனே ஓட்டக் கிளம்பாதீர்கள். பானட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். கடித்த வயர் தெரிந்தால் காரை அணைத்துவிட்டு சர்வீஸுக்கு அழையுங்கள். ஆரஞ்சு வயராக இருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

எழவில்லை என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் சின்ன பேட்டரிதான். எனக்கு உலோகச் சாவி கதவைத் திறந்துகொடுத்தது. கையேட்டில் காட்டிய முனையில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் திரை எரிந்தது. பெரிய பேட்டரி இணைந்துகொண்டது. அதில் 57% இருந்தது. அதற்குப் பிறகு சின்னது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, புதிதாக மாற்றினேன். இன்னொரு வண்டியிலிருந்து உங்கள் மின்சாரக் கார் 12 வோல்ட் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் காரிலிருந்து வேறு பெட்ரோல் வண்டியைக் கிளப்பிவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அளவுக்கு மின்சாரம் தர உங்கள் காரின் ஏற்பாடு கட்டப்படவில்லை. பல கையேடுகள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன.

கிளம்பும்போது பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும். தட்டில் படிந்த மேல்துரு அது. ஆளில்லாத சாலையில் சில முறை பிரேக்கைப் பிடித்தால் தேய்ந்துபோகும். மின்சாரக் காரில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால், வேண்டுமென்றே மிதித்தால்தான் பிரேக் தட்டுக்கு வேலை. டயர் முதல் சில கிலோமீட்டர் அதிரலாம், சூடேறினால் சரியாகும். சார்ஜ் அளவு ஓரிரு நாள் தடுமாறிக் காட்டலாம். மறுநாள் உடனே ஓட்டப்போவதாக இருந்தால் முந்தைய இரவு மெதுவான சார்ஜரில் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள். செல்கள் சமமாகும், கணக்கும் சரியாகும்.

பிறகு அணைத்த வசதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள், சார்ஜ் வரம்பை வழக்கமான அளவுக்கு உயர்த்துங்கள், டயர் காற்றைப் பழைய அளவுக்குக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சக்கரத்துக்குக் கீழே வைத்த கட்டையை எடுங்கள். மின்சார மோட்டாருக்கு எடுத்த எடுப்பிலேயே முழு இழுவிசை உண்டு. கட்டை இருப்பதே தெரியாமல் அதன் மேல் ஏறி இறங்கிவிடும். பின்சக்கரத்துக் கட்டையை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.